ஹேமக் தைக்க ‘கிட்’ வாங்குகிறீர்களா? முதலில் நாடாவைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

தோப்பிலோ மொட்டை மாடியிலோ இரவு படுக்க, சொந்தமாக ஹேமக் (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை) தைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஆன்லைனில் ‘ஹேமக் தையல் கிட்’ என்று ஒன்று 1,890 ரூபாய்க்கு விற்கிறார்கள். 70 டெனியர் (இழையின் பருமனைச் சொல்லும் அளவு) ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்த) நைலான் துணி மூன்றரை மீட்டர், 60 அங்குல அகலம், மரத்தில் கட்ட இரண்டு பாலியஸ்டர் நாடா, இரண்டு கேரபினர் (வாய் தானாக மூடிக்கொள்ளும் உலோக வளையம்) கொக்கி, கொசுவலை, ‘500 கிலோ தாங்கும்’ என்ற உத்தரவாதம். வாங்கிப் பிரித்துச் சோதித்ததில் இவற்றில் ஒன்றுகூடச் சொன்னபடி இல்லை. துணி மோசமாக இருந்தால் பணம்தான் போகும். நாடாவும் கொக்கியும் மோசமாக இருந்தால் முதுகெலும்பு போகும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

நாடாவிலிருந்து தொடங்குவோம். மரத்தில் கட்டும் நாடாவுக்குப் பாலியஸ்டர்தான் சரி, ஏனென்றால் அது இழுபடாது. நைலான் நாடா ராத்திரி முழுக்க மெல்ல நீண்டு, பனி பட்டால் இன்னும் தொய்ந்துவிடும். ஆனால் கிட்டில் வந்தது இரண்டும் இல்லை; பாலிபுரொப்பிலீன். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. நாடாவின் நுனியில் மூன்று சென்டிமீட்டர் வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறும்வரை பிசைந்து விடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் எதுவும் மிதக்கும் என்பதால் இந்தப் பிசைதலை விட்டுவிடக் கூடாது. பாலியஸ்டரும் நைலானும் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு. விரலை எடுத்த மறுநொடி மேலே வரும். இந்த நாடா வந்தது. எத்தனை தடவை அமுக்கினாலும் வந்தது.

மிதந்தால் என்ன கெட்டுப்போகிறது? பாலிபுரொப்பிலீன் நாடா தொடர்ந்து பாரம் தொங்கினால் ஊர்ந்து நீளும். நாடாவில் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போட்டு, 80 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டு மறுநாள் காலையில் அளந்தால் கோடுகளுக்கு நடுவே 106 சென்டிமீட்டர் இருந்தது. அதோடு, இந்த இழை 160 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகத் தொடங்கும். நாடா நாடாவோடு உரசும் இடத்தில் சூட்டிலேயே இளகி வழுக்கும். வெயில் தாங்கும் சேர்மானம் போடாத நாடாவானால், நம் ஊர் வெயிலில் கிடந்து வெளிறி, கையில் தேய்த்தால் மாவாக உதிரும். ஹார்டுவேர் கடைகளில் ‘நைலான் கயிறு’ என்று கேட்டு வாங்குவதிலும் பல இந்த ரகம்தான். அதையும் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

அடுத்தது கொக்கி. உடம்பில் ‘25 கேஎன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கேஎன் என்றால் கிலோநியூட்டன். ஒன்று கிட்டத்தட்ட 102 கிலோ பாரத்துக்குச் சமம். அப்படியானால் இரண்டரை டன் தாங்க வேண்டும். மலையேற்றத்துக்கான உண்மையான கேரபினரில் ஒரு எண் மட்டும் இருக்காது. நீளவாக்கில், குறுக்குவாக்கில், வாய் திறந்த நிலையில் என்று மூன்று எண்கள் தனித்தனி அம்புக்குறிகளோடு இருக்கும். கூடவே தயாரித்தவர் பெயரும், சிஇ (ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற) முத்திரையும், அதன் பக்கத்தில் நாலு இலக்க எண்ணும் இருக்கும். ஐரோப்பிய தர எண் இஎன் 12275. ஒற்றை எண் மட்டும் இருந்தால் அது சாவிக்கொத்துக் கொக்கி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 80 கிலோ மூட்டையை அரை அடி உயரத்தில் தொங்கவிட்டபோது இருபது நிமிடத்தில் ஒரு கொக்கியின் உடம்பு விரிந்து, வாய் மூடாமல் நின்றது. மூட்டையை இறக்கிய பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

துணியைச் சோதிக்க வெட்ட வேண்டாம். வெட்டினால் ‘பயன்படுத்திவிட்டீர்கள்’ என்று திருப்பி எடுக்க மாட்டார்கள். நீள அகலத்தை அளந்துவிட்டு, மடித்துச் சமையலறைத் தராசில் வையுங்கள். 70 டெனியர் ரிப்ஸ்டாப் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிராம் வரும். மூன்றரை மீட்டரும் 60 அங்குலமும் சேர்ந்தால் 345 கிராம் பக்கத்தில் காட்ட வேண்டும். வந்த துணி 3.2 மீட்டர் நீளம், 56 அங்குல அகலம், 236 கிராம் எடை. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 52 கிராம், அதுவும் உள்பக்கப் பூச்சையும் சேர்த்து. ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால் கரும்புகை வந்து, கறுப்பு மணியாக உறைந்தது, அது பாலியஸ்டர். நைலான் வெண்புகைதான் விடும். குடைக்கும் உறைகளுக்கும் போகும் மெல்லிய டஃபேட்டா துணியில் கட்டம் அச்சடித்து ரிப்ஸ்டாப் என்று விற்றிருக்கிறார்கள். நிஜ ரிப்ஸ்டாப்பில் அந்தக் கட்டம் தடித்த இழையால் நெய்தது. நகத்தால் வருடினால் தட்டுப்படும், பின்பக்கமும் தெரியும்.

இன்னொரு சோதனை முக்கியமானது. துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் குறுக்கே அழுத்திக் கீறுங்கள். இழைகள் விலகி ஏணிபோல் இடைவெளி விழுந்தால் அந்தத் துணி படுக்க ஆகாது. ஹேமக் கிழிவது பெரும்பாலும் நடுவில் இல்லை. தையல் ஓடும் இடத்தில் இழை நழுவித்தான் கிழிகிறது.

கொசுவலையைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரு அங்குலத்தில் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 13 கண்ணாவது இருக்க வேண்டும், இதில் இருந்தது எட்டு.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது கூடவே வந்த விளக்கத் தாள். ‘தொய்வில்லாமல் இறுக்கிக் கட்டவும்’ என்று எழுதி, பலகைபோல நேராகக் கட்டிய படம் போட்டிருந்தார்கள். இதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். 75 கிலோ ஆள் படுக்கும்போது நாடா கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 75 கிலோ இழுவை. 15 டிகிரி ஆனால் 145 கிலோ. 10 டிகிரியில் 216 கிலோ. 5 டிகிரியில் 430 கிலோ. ஆள் அதே ஆள்தான். இறுக்கியதால் மட்டும் பாரம் கிட்டத்தட்ட ஆறு மடங்காகிறது. ஏறி உட்காரும் குலுக்கலுக்கு இதற்கு மேலும் போகும். ‘500 கிலோ தாங்கும்’ என்பது அறுபடும் அளவு என்றால், ஐந்தில் ஒரு பங்கான 100 கிலோதான் நம்பத் தகுந்தது. முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடக் குறையும். குழந்தைக்குத் தூளி கட்டுகிற பழக்கத்தில் ‘புடவை தாங்காதா’ என்று கேட்பவர்கள் உண்டு. தூளியில் பத்துக் கிலோ நேர் கீழே தொங்குகிறது. இங்கே பக்கவாட்டு இழுவை. பழைய புடவை வேண்டாம்.

சரியாகச் செய்ய என்ன வாங்குவது? 65 கிராம் ரிப்ஸ்டாப் நைலான், பூச்சு இல்லாதது, 3.5 மீட்டர்; பூச்சு இருந்தால் முதுகு வியர்த்து நசநசக்கும். நைலான் கிடைக்கவில்லையென்றால் ஈரோடு, கரூர்ப் பக்கம் கிடைக்கும் 60 அங்குலப் பருத்தி டிரில் (சாய்வரியாக நெய்த கெட்டித் துணி), சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாதது, நன்றாகவே உழைக்கும். சுமக்கக் கனம், நனைந்தால் உடனே காயவைக்க வேண்டும். அவ்வளவுதான் குறை. கூடவே ஒரு அங்குலப் பாலியஸ்டர் நாடா மூன்று மூன்று மீட்டரில் இரண்டு. மலையேற்றப் பொருள் விற்கும் கடையிலிருந்து 6 மில்லிமீட்டர் துணைக்கயிறு (‘ஆக்சஸரி கார்ட்’) 1.2 மீட்டரில் இரண்டு. இஎன் 564 (இந்தக் கயிற்றுக்கான ஐரோப்பிய தர எண்) முத்திரை உள்ள 6 மில்லிமீட்டர் கயிறு 7.2 கேஎன் தாங்கியாக வேண்டும் என்பது விதி.

தையல் எளிது. நீள ஓரங்களை ஒரு சென்டிமீட்டர் இரட்டை மடிப்பாக மடித்து ஒரு தையல். இரு முனைகளிலும் முதலில் ஒரு சென்டிமீட்டர், பிறகு நாலு சென்டிமீட்டர் மடித்துக் குழாய்போல் விட்டு மூன்று வரி தையல், தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ். நூல் பாலியஸ்டர்தான், பருத்தி நூல் ஈரத்தில் மட்கிவிடும். ஊசி 14ஆம் நம்பர், பருத்தி டிரிலுக்கு 16. தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர். டெய்லரிடம் கொடுத்தால் இதைச் சொல்லியே கொடுங்கள். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று அவர் பொடித் தையலாக ஓட்டுவார். மெல்லிய நைலானில் அது தபால்தலை ஓரம்போல் துளைகளாகி, அந்தக் கோட்டிலேயே கிழிந்துவரும். ஜீன்ஸ் ஊசியும் கூடாது.

குழாய் வழியாகத் துணைக்கயிற்றை விட்டு, இரட்டை மீனவர் முடிச்சால் (‘டபுள் ஃபிஷர்மேன்’, இரு நுனிகளும் ஒன்றன்மேல் ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி இறுகும் முடிச்சு) வளையமாக்குங்கள். முடிச்சின் வால் இரண்டு பக்கமும் ஆறு சென்டிமீட்டராவது நீண்டிருக்கட்டும். வளையத்தை அதன் வழியாகவே இழுத்தால் துணி கொத்தாகச் சுருங்கிக்கொள்ளும். சுருக்குகள் சமமாக விழும்படி விரலால் நீவி விடுங்கள். ஒரு மடிப்பு மட்டும் இழுபட்டால் பாரம் முழுவதும் அதில்தான் விழும். இரு முனைகளுக்கும் நடுவே மேலாக ஒரு மெல்லிய, இழுபடாத கயிறு கட்டினால் தொய்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அமையும். அதன் நீளம், தைத்து முடித்த துணி நீளத்தில் 83 சதவீதம், 3.4 மீட்டர் துணிக்கு 2.82 மீட்டர். படுத்திருக்கும்போது அந்தக் கயிறு விரலால் முறுக்கினால் வளைகிற அளவு தளர்வாக இருக்க வேண்டும். கம்பிபோல் விறைத்தால் கட்டு இறுக்கம்.

நல்ல கேரபினர் கிடைக்கவில்லையென்றால் கொக்கியே வேண்டாம். நாடாவில் குச்சி முடிச்சு (‘மார்லின்ஸ்பைக் ஹிட்ச்’) போட்டு, விரல் பருமனுள்ள உறுதியான கட்டைத் துண்டைச் செருகி, ஹேமக் வளையத்தை மாட்டுங்கள். வளையம் உட்கார வேண்டியது முடிச்சின் மேல், குச்சியின் மேல் இல்லை. குச்சியின் மேல் உட்கார்ந்தால் குச்சி முறிந்து ஆள் விழுவார்.

மரங்களுக்கு நடுவே நாலரை மீட்டர் போதும். நாடாவை ஆறடி உயரத்தில் கட்டினால், உட்காரும்போது நாற்காலி உயரத்துக்கு, ஒன்றரை அடிக்கு, துணி இறங்கி நிற்கும். வேம்பு, புளி, மா நல்லது. முருங்கையில் கட்டவே கூடாது, சொல்லாமல் முறியும். தென்னை தாங்கும், ஆனால் காயும் மட்டையும் தலைக்கு நேர் மேலே. மாடியில் கைப்பிடிச் சுவரிலும், கம்பி போடாத செங்கல் தூணிலும் கட்டாதீர்கள். 30 டிகிரியிலேயே 65 கிலோ பக்கவாட்டில் இழுக்கும். செங்கல் கட்டுமானம் அந்த இழுவைக்காகக் கட்டியதல்ல, பெயர்ந்தால் படுத்திருப்பவர் மேல்தான் விழும். முதல் தடவை ஆள் ஏறும் முன் ஆளைவிட ஐந்து பத்துக் கிலோ கூடுதல் மூட்டையை ஒரு இரவு தொங்கவிட்டு, காலையில் தையல் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி. ‘துணி வகையில் ரிட்டர்ன் இல்லை’ என்றுதான் விற்பனையாளரின் முதல் பதில். விவரித்தபடி இல்லாத பொருளுக்கு அது செல்லாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சல் பிரிக்கும் வீடியோ, தராசில் துணியின் படம், அளவுநாடாவோடு நீள அகலம், மிதக்கும் நாடாத் துண்டு ஆகிய இந்த நாலையும் இணைத்து எழுதியும் பதினோரு நாள் அசைவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்த ஆறாவது நாள் முழுத் தொகையும் திரும்பியது.

கிட் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. தலைப்பு மட்டும் மாறி ‘கேம்பிங் தூளி கிட்’ ஆகியிருக்கிறது. பச்சைத் துணி, கறுப்பு நாடாவில் ஆரஞ்சுக் கோடு, நேராக இறுக்கிக் கட்டிய அதே படம்.