டெட்ராய்ட்டின் தொழிலாளர் கதை: முதல் பெட்டியை எங்கே திறப்பது?

அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டின் தொழிலாளர் வரலாற்றைத் தேடிப் போகிறவருக்கு முன்னால் இரண்டு பெரிய ஆவணக் காப்பகங்கள் நிற்கின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1967 ஜூலை 23 அதிகாலையில் டெட்ராய்ட்டின் 12ஆம் தெருவில், உரிமமில்லாமல் நடந்த ஒரு மதுக்கூடத்துக்குள் போலீஸ் புகுந்தது. அன்று மூண்டது அடங்குவதற்குள் 43 உயிர்கள் போயின. (அதைக் கலவரம் என்பதா, எழுச்சி என்பதா என்ற வழக்கு அந்த ஊரில் இன்னும் தீரவில்லை.) அப்போது மேயராக இருந்த ஜெரோம் கேவனாவின் கோப்புகள் டெட்ராய்ட்டிலேயே, வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வால்டர் ரூதர் நூலகத்தில் இருக்கின்றன. ஆளுநர் ஜார்ஜ் ராம்னியின் கோப்புகளோ சுமார் 70 கி.மீ. தள்ளி ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி நூலகத்தில். படையை அழைப்பது குறித்து மேயர், ஆளுநர், வாஷிங்டன் என்று மூன்று முனையிலும் இழுபறி நடந்த நாட்கள் அவை. ஒரு காப்பகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால், இழுபறியில் ஒருவர் சொன்னது மட்டும்தான் கையில் இருக்கும்.

இரண்டில் எது பெரியது என்று கேட்டால் விடை சுலபம். 1960இல் தொடங்கிய ரூதர், வட அமெரிக்காவின் மிகப் பெரிய தொழிலாளர் ஆவணக் காப்பகம். காகிதங்களை வரிசையாக அடுக்கினால் 75,000 அடிக்கு மேல் நீளும். மோட்டார் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ. தன் ஆவணங்களை அதிகாரபூர்வமாக ஒப்படைக்கும் இடம் அது. ஆசிரியர் சங்கம், அரசு ஊழியர் சங்கம், சீசர் சாவேசின் பண்ணைத் தொழிலாளர் சங்கம் எல்லாம் அங்கேதான். ஆனால் அளவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்தக் காகிதத்தை யார் எழுதினார், யார் பத்திரப்படுத்தினார், யார் கொடுத்தார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சங்கம் கொடுத்த காகிதத்தில் சங்கத்தின் குரல்தான் ஓங்கியிருக்கும். 1943 ஜூனில் பேக்கார்ட் கார் கம்பெனியின் ஆலையில் மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்காக 25,000 வெள்ளையர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கத் தலைமை அதைக் கண்டித்தது. நிறுத்தியவர்களோ சங்கத்தின் உறுப்பினர்கள். தலைமைக் கோப்புகளை மட்டும் படிப்பவருக்குக் கண்டனம் தெளிவாகத் தெரியும். ஆலைக்குள் மூன்று பேரைச் சுற்றி நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அந்த அளவுக்குத் தெரியாது.

ரூதருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்கத்தைத் திட்டியவர்களின் காகிதமும் அங்கே இருக்கிறது. 1968இல் டாட்ஜ் ஆலையில் கம்பெனியையும் யு.ஏ.டபிள்யூ.வையும் ஒருசேர எதிர்த்துக் கிளம்பிய கறுப்பினத் தொழிலாளர் இயக்கமான ‘டிரம்’ முதலியவற்றின் துண்டறிக்கைகளுக்குத் தனித் தொகுப்பே உண்டு. சங்க முன்னோடிகளின் நேர்காணல்களும் உண்டு. கூட்டக் குறிப்புகளைப் படித்து அலுத்தவர்கள் அதற்குப் போகலாம். மனிதர்கள் பேசுவது காதில் விழும்.

புகைப்படத்தில் ரூதருக்குப் போட்டியே கிடையாது. 1937 மே 26 அன்று ஃபோர்டு ஆலை வாசலில் கம்பெனி ஆட்கள் யு.ஏ.டபிள்யூ. தலைவர்களில் ஒருவரான வால்டர் ரூதரையும் தோழர்களையும் அடித்து நொறுக்கினார்கள். படம் எடுத்த டெட்ராய்ட் நியூஸ் புகைப்படக்காரர், படம் பதிந்த தகடுகளைக் காரில் ஒளித்துவிட்டு வெறும் தகடுகளை அந்த ஆட்களிடம் நீட்டினார். அந்தப் பத்திரிகையின் படத்தொகுப்பு இப்போது அடி வாங்கியவரின் பெயர் தாங்கிய கட்டடத்தில் இருக்கிறது.

பென்ட்லி வேறு மாதிரி. 1935இல் மாநில வரலாற்றுக்காகத் தொடங்கியது என்பதால் ஆட்சியில் இருந்தவர்களின் வாசனை தூக்கல். 1936-37இல் ஃபிளின்ட் ஊரின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் 44 நாள் நடந்தபோது, தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்ற மறுத்த ஆளுநர் ஃபிராங்க் மர்பியின் தாள்கள் அங்கே. அவர்தான் 1930களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்தக் காலத்து டெட்ராய்ட்டுக்கு மேயர். வேலைநிறுத்தத்தை உள்ளேயிருந்து பார்க்க ரூதர். அது ஆளுநர் மேசைக்கு எப்படி வந்தது என்று பார்க்க பென்ட்லி.

என்னைக் கேட்டால் பென்ட்லியின் உண்மையான புதையல் ஆளுநர்கள் அல்ல. டெட்ராய்ட் அர்பன் லீக்கின் பதிவேடுகள்தான். 1916இல் உருவான அமைப்பு அது. தெற்கிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு வேலை தேடிக் கொடுத்தது. யு.ஏ.டபிள்யூ. பிறந்தது 1935இல். அதற்கு முந்தைய இருபது ஆண்டில் கறுப்பினத் தொழிலாளி எப்படி ஆலைக்குள் நுழைந்தான் என்பதற்குச் சங்கக் காகிதம் உதவாது. வீட்டுவேலை செய்த பெண்களுக்கோ சங்கமே இல்லை. ஆனால் லீக்கின் காகிதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. புதிதாக வந்தவர்களுக்கு எப்படி உடுத்துவது, எப்படி நடந்துகொள்வது என்று பாடம் எடுத்த நடுத்தர வர்க்கத்தின் கண் அது.

மூன்றாவதாக ஒன்று, சின்னது. டெட்ராய்ட் அச்சுத் தொழிலாளியும், அரசே வேண்டாம் என்ற அராஜகவாதியுமான ஜோ லாபடி, வாழ்நாளெல்லாம் சேர்த்த துண்டறிக்கைகளையும் பத்திரிகைகளையும் 1911இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். ஆக்னஸ் இங்லிஸ் என்ற பெண்மணி 1924இல் வந்து பிரித்து அடுக்கத் தொடங்கும்வரை அதைச் சீண்டுவாரில்லை. கார் கம்பெனிகளுக்கு முந்தைய டெட்ராய்ட்டில், எட்டு மணி நேர வேலைக்காகக் கத்திய தலைமுறை வேண்டும் என்றால் அங்கே போகலாம். இதுவும் ஆன் ஆர்பர்தான், ஆனால் பென்ட்லியில் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகள் பிரிவில்.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் நான் நாலு நாளை ரூதருக்குக் கொடுப்பேன், கடைசி நாளை பென்ட்லிக்கு. 1935க்கு முந்தைய கேள்வியோடு போகிறவர் இதை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளலாம். விவரப்பட்டியல்களை இணையத்திலேயே படித்து, பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பேனா வேண்டாம், பென்சில்.