விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு ஒரே ரயில்

முன்பெல்லாம் மீனம்பாக்கத்தில் இறங்கி வண்ணாரப்பேட்டை என்றதும் டாக்சிக்காரர் முகம் மாறும். "நார்த் மெட்ராஸா சார்? ரிட்டர்ன் சவாரி கிடைக்காதே" என்று பேரம் தொடங்கும். அடையாறு போகிறவனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஏழு வருடம் கழித்து மெல்பர்னிலிருந்து வந்த எனக்கு இந்தத் தடவை டாக்சியே தேவைப்படவில்லை. சென்னை மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினேன். மாறாமல் சர் தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்கினேன். ஒரு பெட்டி, ஒரு தோள்பை என்றால் தாராளமாக வரலாம். பிள்ளைகுட்டியோடு நாலு பெட்டி என்றால் வேண்டாம்.

நான் கடைசியாகப் பார்த்தபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலை பள்ளமும் தகரத் தடுப்புமாகக் கிடந்தது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகருக்கும் ரயில் வந்தது. வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டுக்கு யாரும் வியாபாரம் கற்றுத்தர வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுத்தவர்களால் பேர் வாங்கிய பேட்டை இது. தீபாவளி வாரத்தில் எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும். ஆனால் ரயிலுக்கு முன் வந்ததெல்லாம் ராயபுரம், தண்டையார்பேட்டை ஜனம்தான். தெற்கே இருப்பவர்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அம்மாவின் புடவைக்கு ஃபால்ஸ் வாங்கப் போனோம். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்மணி ஆலந்தூரிலிருந்து மெட்ரோவில் வந்தவராம். கடைக்கார அண்ணன் மூன்று பச்சை ஃபால்ஸை எடுத்துக்கொண்டு, புடவை முனையையும் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிட்டார். "டியூப்லைட்ல எல்லாமே ஒரே பச்சையா தெரியும்மா. வெயில்ல பாருங்க." வெயிலில் இரண்டு கழன்றுகொண்டன, ஒன்றுதான் ஒட்டியது. மெல்பர்னில் எந்தக் கடையிலும் எனக்காக யாரும் தெருவுக்கு வந்ததில்லை.

பணம் கொடுக்கும் இடத்தில்தான் மாட்டினேன். பத்து ரூபாய்க்கும் க்யூஆர் அட்டையை நீட்டுகிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு மொபைல் எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. முதலில் அனுமதித்த பத்து நாடுகளில் ஆஸ்திரேலியாவும் உண்டு. அனுமதி வேறு, என் வங்கியின் ஆப் வேறு. ஆஸ்திரேலிய எண்ணைப் பார்த்ததும் திணறி நின்றது. கிளைக்கு இரண்டு நடை. முதல் நாள் 'சர்வர் இல்லை', மறுநாள் 'கேஒய்சி பழசு'. கடைக்காரர்தான் பெருந்தன்மையாக, "ஃபாரின் நம்பரா? அம்மா நம்ம ஏரியாதானே, அப்புறம் குடுங்க" என்றார். விமானம் ஏறுமுன் வீட்டிலிருந்தே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

ரயில் ஆளைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அதற்கப்புறம் நம் பாடு. நிலைய வாசலில் பளபளவென்று நடைபாதை, கொஞ்ச தூரத்தில் பைக்குகளும் நைட்டி மாட்டிய பொம்மைகளும். முட்டிவலிக்கார அம்மா உட்கார ஒரு திண்ணைகூட இல்லை. கடைத்தெரு நடுவில் கழிப்பறை தேடிக் கடைசியில் நிலையத்துக்கே திரும்பினோம். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்க்கு வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கினார்கள். அதில் நாலு பெஞ்சும் ஒரு கழிப்பறையும் இந்தப் பக்கம் விழுந்தால் தேவலை.

இந்தத் தெருவையும் தி.நகர் பாண்டி பஜார் மாதிரி ஆக்கலாமே என்று தம்பி சொன்னான். எனக்குப் பாதி மனசுதான். அங்கே 2019-ல் நடைபாதை அகலமானது உண்மை. அதற்கு முன், 2013-லேயே, பிளாட்பார வியாபாரிகளை மாடிக் கட்டடத்துக்கு அனுப்பியாயிற்று. ஊக்கும் ஹேர்பின்னும் வாங்க யார் மாடி ஏறுவார்கள்?

எம்.சி. ரோட்டில் ஹேர்பின் விற்கும் அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அகலம் பண்ணட்டும்பா. ஒரு கோணி விரிக்க எடம் வுட்டா போதும்" என்றார். அவரிடம் க்யூஆர் அட்டை கிடையாது, சில்லறையோடு போங்கள்.