தண்டையார்பேட்டை கடையில் மூன்று வருஷமாக ப்ரிவாக்ஸி

தண்டையார்பேட்டையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடும் பிள்ளைகள், கரண்ட் பில் கட்டும் பெரியவர்கள். பழைய வினாத்தாள் தேடுகிற பிள்ளைகள், பச்சையாக மின்னும் போலி 'டவுன்லோட்' பட்டனை அமுக்கிவிட்டு எங்கேயோ போய் மாட்டிக்கொள்வார்கள். அதற்காகத்தான் ப்ரிவாக்ஸி போட்டேன். பிரவுசருக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று, நாம் எழுதும் விதிப்படி விளம்பரங்களைத் தடுக்கும் 'ப்ராக்ஸி' மென்பொருள் அது.

பிரவுசரில் விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்) போட்டால் நாலு மெஷினிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். யாராவது எடுத்தும் விடுவார்கள். ப்ரிவாக்ஸி என்றால் விதிகள் ஒரே இடத்தில் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் ஏற்றி ஓட விட்டிருக்கிறேன். நிறுவியதும் அது 127.0.0.1, போர்ட் 8118-ல் மட்டும் காது கொடுக்கும், அதாவது அந்த மெஷினுக்கு மட்டும். கடை முழுக்கப் பயன்பட, கான்ஃபிக் கோப்பில் லிசன்-அட்ரஸை மாற்றி, பெர்மிட்-ஆக்சஸ் வரியில் கடை மெஷின்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

விதிகளை யூசர்.ஆக்ஷன் கோப்பில்தான் எழுத வேண்டும். டிஃபால்ட்.ஆக்ஷனில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். கடைசியாகப் படிக்கப்படுவது யூசர்.ஆக்ஷன் என்பதால் நாம் எழுதியதே செல்லும். சேமித்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

முகவரியில் டொமைனுக்கு (தளத்தின் பெயருக்கு) பின்னால் வரும் பகுதிக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வரிசையை வைத்துப் பொருத்திப் பார்க்கும் முறை, பொருந்தும். நான் அவசரத்தில் 'ஏடி' என்ற இரண்டு ஆங்கில எழுத்து எங்கே வந்தாலும் தடுக்கச் சொல்லிவிட்டேன். 'அப்லோட்', 'டவுன்லோட்' இரண்டிலும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. போட்டோ ஏற்ற வந்த ஒரு பிள்ளை கடைசி நாளில் 'தடுக்கப்பட்டது' என்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதிலிருந்து விளம்பர சர்வரின் முழு டொமைனை, முன்னால் ஒரு புள்ளி வைத்து எழுதுகிறேன். அப்படி எழுதினால் அதன் சப்டொமைன்களும் சேர்ந்தே அடைபடும். எந்த விதி தடுத்தது என்று தெரியாவிட்டால், ப்ராக்ஸி வழியாக பிரவுசரில் p.p என்ற முகவரிக்குப் போய் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள், வரிவரியாகக் காட்டும்.

குக்கீ, அதாவது நம்மை அடையாளம் தெரிந்துகொள்ள தளங்கள் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு, அந்த விஷயத்தில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். எச்டிடிபிஎஸ் பக்கங்களில் தகவல் பூட்டப்பட்டு வருவதால் ப்ரிவாக்ஸிக்கு சர்வர் பெயர் மட்டுமே தெரியும். விளம்பர டொமைனைத் தடுக்க அது போதும், குக்கீயைத் தொட முடியாது. தொட வேண்டுமானால் 2020-ல் ப்ரிவாக்ஸி 3.0.29 பதிப்பில் வந்த, அந்தப் பூட்டைத் திறந்து பார்க்கும் எச்டிடிபிஎஸ் இன்ஸ்பெக்ஷன் வசதியை ஆன் செய்து, அதன் சான்றிதழை ஒவ்வொரு பிரவுசரிலும் ஏற்ற வேண்டும். ஆரம்பத்தில் எல்லாத் தளத்துக்கும் அதை ஆன் செய்து, வரும் குக்கீ அனைத்தையும் நசுக்கச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் ஃபீஸ் கட்டிய அம்மா, "தம்பி, துட்டு பூடுச்சி, ரசீது வரலயே" என்று நின்றார். பேங்க் பக்கத்திலிருந்து திரும்பி வந்தபோது தளத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நாலு நாளில் பணம் திரும்பியது. அந்த நாலு நாளும் என் விதியால்தான் அவர் தவித்தார்.

அன்றிரவே மாற்றினேன். இப்போது இன்ஸ்பெக்ஷன் செய்திப் பக்கங்களுக்கும் வினாத்தாள் தளங்களுக்கும் மட்டும். அங்கே 'செஷன்-குக்கீஸ்-ஒன்லி' என்ற விதி, பிரவுசரை மூடினால் குக்கீ போய்விடும். பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்க்ரிப்ட் நிரல் வைக்கும் குக்கீ இதில் அகப்படாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி பிரவுசரில் ஆன் ஆகியிருந்தால் செஷன் குக்கீயும் தங்கும். பேங்க், மெயில், அரசுத் தளங்களைத் திறந்து பார்ப்பதே இல்லை. அடுத்தவர் பாஸ்வேர்ட் என் மெஷினில் வெளிச்சமாக ஓடுவது சரியில்லை. அந்த லாகின்கள் தங்காமலிருக்க, மூடும்போது எல்லாம் அழியும்படி பிரவுசரிலேயே செட்டிங் வைத்திருக்கிறேன்.

யூடியூப் விளம்பரம் மட்டும் இதற்கு அடங்கவில்லை; வீடியோ வரும் சர்வரிலிருந்தே அதுவும் வருகிறது. போலி டவுன்லோட் பட்டன்கள் பெரும்பாலும் ஒழிந்துவிட்டன. புதிதாக ஒன்று முளைத்தால் பிள்ளைகளே கூப்பிட்டுக் காட்டுகிறார்கள், ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.