முடக்குவாதத்துக்கு ஊசியா, மாத்திரையா?

அம்மாவுக்கு 63 வயது. முடக்குவாதம், அதாவது மூட்டுகளை வீங்கவைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், பல வருடமாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், அதற்குத் துணையாக ஃபோலிக் ஆசிட் என்று ஒருமாதிரி சமாளித்துக்கொண்டிருந்தோம். போன மழைக்காலத்துக்கு முன்னால் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் திரும்ப வீங்கிவிட்டன. இனி அந்த மாத்திரை மட்டும் போதாது என்று சொல்லிவிட்டு டாக்டர் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று அடலிமுமாப் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில். இன்னொன்று டோஃபாசிடினிப் மாத்திரை, 5 மி.கி., தினமும் இரண்டு வேளை. “ரெண்டுமே கேக்கும். வீட்ல பேசிட்டு வாங்க” என்றார்.

நாங்கள் ஊசியை எடுத்தோம். நான் மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், டாக்டரையும் கேள்வி கேட்டுப் படுத்தி எடுத்தேன். இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பலனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓரல் ஸ்ட்ராட்டஜி என்ற ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கும், ஊசி போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கும் ஆறு மாதத்தில் நோய் பாதியளவுக்காவது அடங்கியது. சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். காசு என்று பார்த்தால் மாத்திரைதான், சந்தேகமே வேண்டாம். இந்தியக் கம்பெனிகள் பல அதைத் தயாரிக்கின்றன. ஊசியிலும் 2014இல் ஜைடஸ் கம்பெனி கொண்டுவந்த பயோசிமிலருக்கு (அசல் ஊசிக்கு நிகராகச் செய்தது) பிறகு போட்டி வந்து விலை இறங்கியிருக்கிறது. அப்படியும் மாத்திரையைப்போலப் பல மடங்கு. வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு எங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒரு பைசா தரவில்லை. அந்தப் புலம்பலைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் விலை கூடியதை ஏன் எடுத்தோம்? அதற்கு இரண்டும் எங்கே கை வைக்கின்றன என்று பார்க்க வேண்டும். மூட்டுச் சவ்வில் வீக்கத்தைக் கிளப்புகிற முக்கியமான புரதம் டி.என்.எஃப். அதைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று 1990களின் தொடக்கத்தில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் நோயாளிகளிடம் காட்டினார்கள். அந்த வழியில் வந்ததுதான் அடலிமுமாப். அது ஒரு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம். செல்லுக்கு வெளியே சுற்றும் டி.என்.எஃப்பைப் பிடித்து முடக்குவதோடு அதன் வேலை முடிந்தது. டோஃபாசிடினிப் செல்லுக்குள்ளேயே போய் ஜாக் என்ற நொதிகளைத் தடுக்கிறது. காலிங்பெல் அடிக்க வருகிறவரைத் தெருவிலேயே மடக்குவது ஊசி, வீட்டுக்குள் பெல்லுக்குப் போகிற ஒயரைத் துண்டிப்பது மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால் அந்த ஒரே ஒயரில் வேறு பல பெல்களும் தொங்குகின்றன. இன்டர்லூக்கின்-6, இன்டர்ஃபெரான் என்று பல செய்திகள் ஜாக் வழியாகத்தான் செல்லுக்குள் போகின்றன. அக்கி வருவது மாத்திரைக்காரர்களிடம் அதிகமாக இருப்பதும் அதனால்தான் என்கிறார்கள்.

எங்களைத் திருப்பியது இதயம். டோஃபாசிடினிப் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதே, நீண்ட கால ஆய்வு ஒன்று நடத்த வேண்டும் என்று அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிபந்தனை போட்டிருந்தது. ஓரல் சர்வைலன்ஸ் என்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. அதில் சேர்ந்த 4,362 பேரும் 50 வயது தாண்டியவர்கள், இதய நோய்க்கான காரணம் ஒன்றாவது உள்ளவர்கள்: பிரஷர், சுகர், புகைப்பழக்கம், இப்படி. சுமார் நான்கு வருடம் பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் மரணம் ஆகிய மூன்றும் சேர்த்து மாத்திரை எடுத்தவர்களில் 3.4 சதவீதம். டி.என்.எஃப்பைத் தடுக்கும் ஊசி போட்டவர்களில் 2.5 சதவீதம். புற்றுநோய் மாத்திரையில் 4.2, ஊசியில் 2.9.

இதை ஆயிரம் பேர் கணக்கில் போட்டால்தான் எனக்குப் பிடிபட்டது. ஆயிரம் பேர் மாத்திரை எடுத்தால் நான்கு வருடத்தில் 34 பேருக்கு அப்படி ஏதாவது நடக்கிறது, ஊசியில் 25 பேருக்கு. ஒன்பது பேர் வித்தியாசம். தலையில் கை வைக்கிற எண்ணிக்கை இல்லை, மீதி ஆட்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் அம்மாவை அந்த ஆயிரத்தில் நிறுத்திப் பார்த்தேன். வயது 63, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, போதாததற்கு பெரிய மாமாவுக்கு 58 வயதில் அட்டாக். அந்த ஆய்வுக்கு ஆள் எடுத்தவர்கள் அம்மாவை வாசலிலேயே வரவேற்றிருப்பார்கள். முடக்குவாதம் தன் பங்குக்கே மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டுகிற நோய் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்.டி.ஏ. 2021லேயே மாத்திரையின் மருந்துக் குறிப்பேட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கும் எச்சரிக்கையைக் கடுமையாக்கி, டி.என்.எஃப். ஊசி கேட்காதவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேல், அல்லது புகைப்பவர், இதயத்துக்கோ புற்றுநோய்க்கோ ஆபத்து உள்ளவர் என்றால், வேறு வழி இல்லாதபோதுதான். நம் ஊரில் விலையை உத்தேசித்து மாத்திரையை முதலில் எழுதுவது சாதாரணம். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வாங்க முடியாத ஊசியைவிட வாங்க முடிந்த மாத்திரை மேல்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆய்வின் கணக்கைப் பிறகு பிரித்துப் பார்த்ததில், ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட் என்று வரலாறு உள்ளவர்களிடம்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அந்த வரலாறு இல்லை. அதோடு, ஆய்வில் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட குழு என்று ஒன்று இல்லாததால், மாத்திரை இதயத்தைக் கெடுக்கிறதா, ஊசி வீக்கத்தை அடக்கி இதயத்தைக் காக்கிறதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எங்களுக்கு எப்படியானாலும் முடிவு ஒன்றுதான், அதனால் அந்தக் கேள்வியை ஆராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிட்டேன்.

ஊசிக்கு என்று ஒரு பெரிய பயம் உண்டு: டி.பி. நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் கட்டுகிற வேலிக்கு டி.என்.எஃப். தேவை. அதை முடக்கினால் வேலி தளர்ந்து கிருமி எழுந்துவிடும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். மும்பை மாதிரி நெரிசலில் வாழ்ந்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் தாராவியில் ஒற்றை அறையில் குடியிருந்தவர். மார்பு எக்ஸ்ரே சுத்தம், ஆனால் இக்ரா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். நோய் இல்லை, கிருமி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஐஸோநியாசிட்டும் பி6 வைட்டமினும் ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி. கிருமி மாத்திரையை முழுக் கெடுவுக்கும் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை வழியில் போனாலும் இந்தச் சோதனைகள் தப்பாது. டோஃபாசிடினிப்பிலும் டி.பி. வரும். அதனால் இந்தப் பயத்தைக் காட்டி ஊசியை ஒதுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஊசியின் நிஜமான தொல்லை ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. கதவுத் தட்டில் வைத்தால் திறக்க மூட சூடாகும், பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும். நடுத்தட்டில் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். “ஏட்டி, அதை மாவுச் சட்டிக்குப் பக்கத்துல வைக்காத, புளிச்சுப் பொங்கிட்டா உன் ஊசில ஏறிரும்” என்று அம்மா ஒரு தட்டையே காலி செய்து கொடுத்துவிட்டார். போடும் நாளில் வெளியே எடுத்து அரை மணி நேரம் விட வேண்டும். குளிர்ச்சியோடு குத்தினால் எரியும். மருந்து தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, சாய்வாக இறக்கி, மெதுவாகத் தள்ளுவேன். போன தடவை வலப்பக்கம் என்றால் இந்தத் தடவை இடப்பக்கம். அம்மா அந்த நேரத்தில் சீரியலிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

ஊருக்குப் போவதுதான் திண்டாட்டம். மும்பையில் கரண்ட் போவது அபூர்வம், சங்கரன்கோவில் பக்கம் அப்படி இல்லை. ரயிலில் ஒன்றரை நாள் வேறு. இந்த மருந்து 25 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில், வெளிச்சம் படாமல், 14 நாள் வரை தாங்கும் என்கிறார்கள். மே மாத ஸ்லீப்பர் கோச்சில் 25 டிகிரிக்கு எங்கே போவது? மாதுங்கா மருந்துக்கடை அண்ணாச்சி தெர்மகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் கொடுத்தார், ஐஸ் நேரடியாகப் படாமல் துண்டு சுற்றச் சொல்லி. இப்போது ஊசி போட்ட மறுநாள் கிளம்பி, அடுத்ததுக்குள் திரும்புகிற மாதிரிதான் டிக்கெட் போடுகிறோம்.

மாத்திரை இந்த இடத்தில் ஜெயிக்கிறது. இன்னொன்றிலும்: மழைக்காலத்தில் டெங்கு, லெப்டோ (எலிக் காய்ச்சல்) என்று காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தினால் ஒரு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. ஊசி பாதியாகவே இரண்டு வாரம் ஆகும். போட்டது போட்டதுதான். டோம்பிவிலியில் இருக்கும் சித்தி மகளுக்கு 34 வயது, பிரஷர் சுகர் எதுவும் இல்லை, ஆபீஸுக்குத் தினமும் லோக்கல் ரயிலில் போய் வருகிறாள். அவள் டோஃபாசிடினிப்தான் சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள். அவள் வயதில் எனக்கு வந்தால் நானும் அதைத்தான் கேட்பேன், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இல்லை என்றால். கர்ப்பத்துக்கு முன் அந்த மாத்திரையை நிறுத்தியாக வேண்டும், அடலிமுமாப் விஷயத்தில் டாக்டர்கள் அவ்வளவு பயப்படுவதில்லை.

ஊசி போட ஆரம்பித்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவின் விரல் வீக்கம் வடிந்து, முறுக்கு பிழிகிற அளவுக்குக் கை வந்துவிட்டது. ஆனால் சிலருக்கு உடம்பே இந்த ஆன்டிபாடிக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி, நாளடைவில் ஊசி கேட்காமல் போகிறது. மெத்தோட்ரெக்ஸேட்டை விடாமல் சாப்பிட்டால் அந்த வாய்ப்பு குறைவு என்பதால் அது தொடர்கிறது. நோய் அடங்கியே இருந்தால் ஊசி இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை வாரத்துக்கு ஒன்றாக மாற்றினீர்கள், வீக்கம் திரும்பியதா என்று சொல்லுங்கள்.