ரேசரா, வேக்ஸா, எபிலேட்டரா, லேசரா: வலியை விடுங்க, காத்துக் கிடக்கிற நாளைப் பாருங்க

கை கால் முடி எடுக்க எது நல்லதுன்னு யார்கிட்ட கேட்டாலும் பேச்சு நேரா வலிக்குத்தான் போகும். வலிக்குமா, எவ்ளோ வலிக்கும், கண்ல தண்ணி வருமா. ரேசர், க்ரீம், வேக்ஸ்னு எல்லாத்தையும் மாத்தி மாத்தி பண்ணிட்டு கடைசில எபிலேட்டர்ல, அதாவது முடியை வேரோட பிடுங்குற மெஷின்ல, வந்து நின்னவ நான், ரொம்ப நாளா அதுதான் ஓடிட்டு இருக்கு, என்னைக் கேட்டா வலி ரெண்டாவது விஷயம். முதல் விஷயம் வேற ஒண்ணு இருக்கு, வேக்ஸ் பத்தி பேசும்போது வரேன். நடுநிலைமை எல்லாம் எதிர்பார்க்காதீங்க, நான் எபிலேட்டர் கட்சி.

ரேசரைப் பத்தி புதுசா சொல்ல என்ன இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை, வலி கிடையாது, அவசரத்துக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. மறுநாளோ அதுக்கு மறுநாளோ சொரசொரன்னு கிளம்பிடும், அதான் குறை. ஷேவ் பண்ணா முடி தடிமனா வளரும்னு பயமுறுத்துறாங்களே, அது மட்டும் உண்மை இல்ல. முடியோட நுனி இயல்பா கூரா இருக்கும், பிளேடு அதை நடுவுல சீவிட்டா மழுங்கின முனை வெளிய வருது, கைக்கு குத்துது, தடிமனா தெரியுது, அவ்ளோதான். 1928லயே இதை அளந்து பார்த்து தடிமனும் மாறல, வளர்ற வேகமும் மாறலன்னு எழுதி வச்சுட்டாங்க, ஆனா கதை மட்டும் இன்னும் ஓயல.

க்ரீம் எனக்கு ஆகவே ஆகாது, அந்த வாடையாலயே. உள்ள இருக்கிறது தயோகிளைகோலேட்னு ஒரு உப்பு, கூடவே நல்ல காரத்தன்மை, ரெண்டும் சேர்ந்து முடில இருக்கிற கெரட்டின் புரதத்தோட கந்தகப் பிணைப்பை உடைச்சு முடியை கூழாக்கிடும், வழிச்சு எடுத்தா வந்துடும். சிக்கல் என்னன்னா நம்ம தோலோட மேல் அடுக்கும் கெரட்டின்தான். அதனாலதான் டப்பால போட்டிருக்கிற நிமிஷத்துக்கு மேல வச்சா எரியுது, புண்ணாகுது. புதுசா வாங்கினா கொஞ்சூண்டு தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்துட்டுத்தான் கால் முழுக்க போடணும். இவ்ளோ பாடுபட்டும் ரேசரை விட கொஞ்ச நாள்தான் கூட நிக்குது.

சரி, வேக்ஸ். எபிலேட்டருக்கு உண்மையான போட்டின்னா இதுதான், இதை சாதாரணமா ஒதுக்க முடியாது. வேரோட வருது, கூடவே செத்த தோலும் கொஞ்சம் உரிஞ்சு வர்றதால வேக்ஸ் பண்ணின அன்னிக்கு இருக்கிற வழவழப்பு வேற எதுலயும் வராது, இதை நான் மனசார ஒத்துக்கிறேன். கை பழகின ஆள் பண்ணா முழுக் காலும் சட்டுனு முடிஞ்சிடும், வலியும் ஒரு இழுப்பு ஒரு இழுப்பா வந்து போயிடும். எபிலேட்டர் மாதிரி விடாம நச்சு நச்சுன்னு பிடுங்காது.

ஆனா மூணு வாரம் நாலு வாரம் நிக்கும்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கணும். நம்ம முடி எல்லாம் ஒரே நேரத்துல வளர்றதில்ல. கொஞ்சம் வளர்ந்துட்டு இருக்கும், கொஞ்சம் தோலுக்கு அடியில ஓய்வுல இருக்கும், கொஞ்சம் அப்பத்தான் கிளம்பிட்டு இருக்கும். நீங்க வேக்ஸ் பண்ற அன்னிக்கு வெளிய தெரியிற முடிதான் போகும், அடியில இருந்தது அடுத்த வாரமோ அதுக்கு அடுத்த வாரமோ எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா வேக்ஸ் முடியைப் பிடிக்கணும்னா அது அஞ்சாறு மில்லிமீட்டராவது இருக்கணும். கால் முடி ஒரு நாளைக்கு வளர்றதே சுமாரா 0.2, 0.3 மில்லிமீட்டர்தான். அப்ப அஞ்சாறு மில்லிமீட்டர் வர மூணு வாரம், சிலருக்கு நாலு வாரம் கூட ஆகும். அதுவரைக்கும் தொடக்கூடாது, வளர விடணும், முழுக்கை முழுக்கால் போட்டு மூடிக்கிட்டு சுத்தணும். அதாவது வேக்ஸ் பண்றவங்க ஒவ்வொரு சுத்துலயும் கிட்டத்தட்ட பாதி நாள் முடியோடதான் இருக்காங்க. முடி இல்லாம இருக்கணும்னுதானே இவ்ளோ பாடும்?

இதுல இன்னொரு கொடுமை, நடுவுல திடீர்னு ஒரு விசேஷம் வந்துட்டா கை தானா ரேசருக்குப் போயிடும். ஒரு தடவை ரேசர் பட்டுச்சுன்னா போச்சு, திரும்ப பூஜ்யத்துல இருந்து வளர்க்கணும். வேக்ஸ் பண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டவங்க பாதிப் பேரு வலி தாங்காம விடல, இந்த வளர்க்கிற நாளை தாங்காமதான் விட்டாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு. நான் விட்டது அதுக்காகத்தான்.

எபிலேட்டர் ஜெயிக்கிறது இந்த ஒரு இடத்துலதான். தலைப் பகுதில வரிசையா குட்டிக் குட்டி தகடுகள், சுத்தச் சுத்த அது திறந்து மூடி திறந்து மூடி முடியைக் கவ்வி இழுக்கும், ஒரே நேரத்துல பல இடுக்கி வேலை செய்யிற மாதிரி. கம்பெனிக்காரங்க அரை மில்லிமீட்டர் முடியைக் கூட பிடிக்கும்னு போடுவாங்க, என் கைல அது ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர்னாதான் நம்பிக்கையா பிடிக்குது, ஆனா அதுவே போதும். வளர்க்க வேண்டியதில்ல. புதுசா தலை காட்டுறதை வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டி எடுத்துட்டா எப்பவுமே சுத்தமாத்தான் இருக்கும், ஊருக்குக் கிளம்பணுமா, விசேஷமா, எதுக்கும் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். முதல் தடவைதான் உயிர் போகும், ஏன்னா கால்ல இருக்கிற அத்தனை முடியும் ஒரே நாள்ல போகணும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் எடுக்க இருக்கிறதே கொஞ்சம்தான், வலியும் அதுக்குத் தகுந்த மாதிரி குறைஞ்சிடும்.

சும்மா ஒரு தகவல். இந்த மெஷின் முதல்ல 1986ல இஸ்ரேல்ல ஒரு கிப்புட்ஸ்ல (எல்லாரும் கூட்டா வேலை செஞ்சு வாழ்ற கிராமம்) இருந்து எபிலேடிங்கிற பேர்ல வந்துச்சு, அப்ப தகடெல்லாம் கிடையாது, வளைச்சு வச்ச ஒரு சுருள் ஸ்ப்ரிங்தான், சுத்தும்போது ஒரு பக்கம் இடைவெளி திறக்கும், இன்னொரு பக்கம் மூடும், நடுவுல முடி மாட்டிக்கும். ரெமிங்டன் கம்பெனி ஸ்ப்ரிங்குக்கு பதிலா கீறல் போட்ட ரப்பர் உருளையை வச்சு ஒண்ணு விட்டுச்சு, காப்புரிமை கேஸ் ஆயிடுச்சு, இங்கிலாந்து கோர்ட்டு இது வேறன்னுச்சு, ஜெர்மன் கோர்ட்டு இது அதேதான்னுச்சு. சட்டம் படிக்கிற பசங்க இன்னிக்கும் இந்தக் கேஸைப் படிக்கிறாங்க. முடி பிடுங்குற மெஷினுக்கு இவ்ளோ பெருமை.

எப்படி ஓட்டணும்னு தெரியாமத்தான் பாதிப் பேரு இதைத் திட்டுறாங்க. வெதுவெதுப்பான தண்ணில குளிச்சுட்டு, நல்லா துடைச்சு காய்ஞ்ச தோல்ல, ஒரு கையால தோலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, மெஷினை நேரா நிமிர்த்தி வச்சு, முடி வளர்ற திசைக்கு எதிரா மெதுவா நகர்த்தணும். அழுத்தவே கூடாது. சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கலாம்: சும்மா ஓடும்போது ஒரே சீரா ஙொய்ங்னு இருக்கும், நீங்க அழுத்தினா சத்தம் இறங்கி கிர்ர்ன்னு திணறும், அப்ப தகடு மெதுவாகி முடியை வேரோட எடுக்காம பாதில ஒடிச்சு விட்டுடும். சார்ஜ் இறங்கும்போதும் இதே கதைதான், அதனால இன்னும் கொஞ்சம்தானேன்னு சாகப்போற பேட்டரில ஓட்டாதீங்க, சார்ஜ் போட்டுட்டு மிச்சத்தை நாளைக்குப் பாருங்க. முடிச்சதும் கால் உரிச்ச கோழி மாதிரி புள்ளி புள்ளியா சிவந்து நிக்கும், ராத்திரி பண்ணிட்டுப் படுத்தா பெரும்பாலும் காலையில அடங்கிடும்.

ஒடிஞ்ச முடியாலதான் எபிலேட்டரோட நிஜமான தலைவலி வருது, வலியை விட இதுதான் எனக்கு பெரிய குறை. ஒடிஞ்சது திரும்ப வளரும்போது வெளிய வர வழி தெரியாம தோலுக்கு உள்ளேயே சுருண்டுக்கும். உத்துப் பார்த்தா கறுப்பா ஒரு கோடு வளைஞ்சு கிடக்கிறது தெரியும், சிலது கொப்புளம் மாதிரி வீங்கும். ஊசியால நோண்டாதீங்க, தழும்பு நின்னுடும். எபிலேட் பண்ணி ரெண்டு மூணு நாள் கழிச்சு சொரசொரப்பான துணியால லேசா தேய்ச்சுக் குளிக்கிறது, மாய்ஸ்சரைசர் போடுறது, இதுலயே என்னுது அடங்கிடுச்சு. எனக்கு நடுத்தரமான, நேரான முடி. சுருட்டையா கெட்டியா இருக்கிறவங்களுக்கு இந்தத் தொல்லை கூடத்தான் இருக்கும், அவங்களுக்கும் என்னை மாதிரி அடங்குமான்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

லேசர் நான் பண்ணிக்கல, சித்தி பொண்ணு பண்ணிக்கிட்டா, அதனால இங்க என் பேச்சை பாதி விலைக்கு எடுத்துக்கோங்க. முடில இருக்கிற மெலனின்ங்கிற கறுப்பு நிறமி லேசர் ஒளியை உறிஞ்சி சூடாகும், அந்த சூட்டுல வேர் கருகும், இதான் சங்கதி. வளர்ற கட்டத்துல இருக்கிற முடிகிட்டதான் பாச்சா பலிக்கும், அதனாலதான் நாலஞ்சு வார இடைவெளில ஆறு, எட்டு சிட்டிங் கேட்குறாங்க. நரைச்ச முடிக்கு பிரயோஜனமில்ல, பூனைமுடிக்கும் அவ்ளோ எடுபடாது. நம்ம மாதிரி மாநிறம், கறுப்பு தோலுக்கு தோல்லயே மெலனின் நிறைய இருக்கிறதால சுட்டுடுற ஆபத்து இருக்கு, 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள என்டி யாக்ங்கிற லேசர் வகைதான் இதுக்கு மத்ததை விட பாதுகாப்பானது, எந்த மெஷின்னு கேட்டுட்டு உட்காருங்க. வீட்ல வச்சு பண்ற ஐபிஎல் கருவி (லேசர் இல்ல, பலமான ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சுறது) ரொம்ப கறுப்பான தோலுக்கு கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கும். அபூர்வமா சிலருக்கு முகம், கழுத்துல குறையிறதுக்கு பதிலா கூடுறதும் உண்டு.

நியாயமா பேசினா என் அளவுகோல்படியே லேசர் எபிலேட்டரை தோற்கடிச்சிடும், ஏன்னா சிட்டிங்குக்கு நடுவுல ஷேவ் பண்ணிக்கலாம், வளர்க்க வேண்டிய நாளே இல்ல. பிடுங்கத்தான் கூடாது, வேர் இருந்தாத்தானே கருக்க முடியும், அதனால லேசருக்குப் போற எண்ணம் இருந்தா அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எபிலேட்டரை எடுத்து உள்ள வச்சிடணும். ஆனா முதல்லயே மொத்தமா ஒரு தொகை இறக்கணும், அதுவும் முடியைக் குறைக்கும்னுதான் சொல்றாங்களே ஒழிய ஒண்ணு கூட வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல. சித்தி பொண்ணு கால் இப்பவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்பப்ப டச் அப்புக்கு போயிட்டுத்தான் வரா. என் கைல இருக்கிறது மெல்லிசு முடி, அதுக்கு அவ்ளோ காசு போட மனசு வரல.

நிரந்தரமா போகணும்னா எலக்ட்ராலிசிஸ், 1875ல ஒரு கண் டாக்டர் உள்ளுக்கு வளைஞ்ச கண்ணிமை முடியை எடுக்க பண்ணின வித்தை அது. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் ஒரு ஊசி, ஒரு கரண்ட். நரைச்ச முடியும் போகும். தாடையில நாலு முடின்னா சரி, கால் முழுக்கன்னா ஆயுசு போயிடும்.

எபிலேட்டர் கட்சின்னு சொன்னாலும் எல்லா இடத்துக்கும் அது சரிப்படாது. அக்குள்ல முடி நாலு திசைக்கும் வளரும், தோல் வேற இளசு, அங்க நான் இன்னும் ரேசர்தான். புருவம், மேலுதட்டுக்கு த்ரெட்டிங், அதை மாத்த காரணமே இல்ல. அந்தரங்க இடத்துல ட்ரிம்மரால குறைச்சு விடுறதோட நிறுத்திக்கலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறவங்களும் ரெட்டினால் வகை க்ரீம் போடுறவங்களும் வேக்ஸ் பக்கம் போகாதீங்க, தோலே உரிஞ்சு வந்துடும், எபிலேட்டரும் டாக்டரைக் கேட்டுட்டு. சர்க்கரை இருக்கிறவங்க, தழும்பு தடிச்சு வளர்ற உடம்புக்காரங்களும் அப்படியே. தாடை, மார்புல திடீர்னு கெட்டி முடி முளைச்சு பீரியட்ஸும் தள்ளித் தள்ளிப் போகுதுன்னா எந்த மெஷின்னு பார்க்கிறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்துடுங்க, அது ஹார்மோன் விஷயமா இருக்கலாம்.

வாங்குறதா இருந்தா, தலையைக் கழட்டி தண்ணில கழுவ முடியிற மாடலா பாருங்க, தகடு இடுக்குல சேர்ற முடியும் தோல் தூளும் வெறும் பிரஷ்ஷுக்கு முழுசா வராது. யாரோ வச்சிருந்ததை பாதி விலைக்கு வாங்காதீங்க, அக்கா தங்கச்சிக்குள்ள கூட மாத்திக்காதீங்க, பிடுங்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ரத்தம் கசியும், அது தகட்டுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்.