1613 லாரிக்கு ஹெட் ஸ்டட் போட்டு ஓட்டுன அனுபவம்

நம்ம வண்டி டாடா 1613, 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜின், பழைய 12 வால்வு. மன்னார்குடி பக்கம் கொள்முதல் நிலையத்துல நெல்லு ஏத்தி குடோனுக்கு ஓட்டுறதுக்கு இதுல ஒண்ணுமே பண்ண வேணாம், டெல்டா ரோடு பூரா சமதரை. அரிசி லோடு ஏத்திக்கிட்டு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறும்போதுதான் வண்டி திணறும். சரி பம்ப்ல டீசலை கூட்டி, டர்போ பூஸ்ட்டையும் கொஞ்சம் ஏத்துவோம்னு போனா, மெக்கானிக் அண்ணன் "மொதல்ல ஹெட்டு தாங்குறதுக்கு வழி பண்ணு தம்பி, பவரெல்லாம் அப்புறம்"னுட்டாரு. அதாவது சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்கிற ஹெட்டை, கீழ இருக்கிற பிளாக்கோட பிடிக்கிற போல்ட்டுக்கு பதிலா ஸ்டட் (ரெண்டு முனையிலயும் மரை உள்ள கம்பி) போடணும்.

அவரு சொன்னது நியாயம்தான். பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளுற காத்தோட அழுத்தம்) ஏறுனா சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறும், போல்ட் கொஞ்சம் இழுத்து குடுத்துச்சுன்னா போதும், ஹெட்டு மயிரிழை தூக்கி, எரியுற கேஸ் ரேடியேட்டர் தண்ணிக்குள்ள போயிடும். எங்க ஊர்லயே ஒருத்தர் ஸ்டட் இல்லாம பம்ப்பை மட்டும் கூட்டி விட்டுட்டு, ரேடியேட்டர் மூடியை தொறந்தா சோறு கொதிக்கிற மாதிரி பப்புள் வருதுன்னு நின்னாரு. போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கிக்கிட்டே நீளும். ஸ்டட் அப்படி இல்ல, பிளாக்ல கையாலயே திருகி உக்கார வச்சுட்டு மேல நட்டை மட்டும்தான் டார்க் பண்றோம் (குறிச்ச அளவுக்கு இறுக்குறோம்), அதனால பிடிமானம் எல்லா இடத்துலயும் ஒரே அளவா வரும்.

மொத்தம் 26 ஸ்டட். நாங்க போட்டது ஏஆர்பிங்கிற கம்பெனி செட்டு, அந்த காசுக்கு ரெண்டு புது டயரே வாங்கிடலாம், அதையும் சொல்லிடறேன். மாட்டுறதை விட பிளாக்ல ஸ்டட் இறங்குற ஓட்டையை சுத்தம் பண்ணதுக்குத்தான் நேரம் போச்சு. உள்ள எண்ணெயோ தண்ணியோ தேங்கி நின்னா ஸ்டட் இறங்கும்போது அது போக வழியில்லாம பிளாக்கே விரிசல் விட்டுடலாம், அதனால ஒவ்வொண்ணுலயும் காத்தடிச்சு, டார்ச் அடிச்சு பாத்தோம். கூட வந்த கிரீஸைத்தான் நட்டுல தடவணும், இன்ஜின் ஆயில் போட்டா அதே டார்க்குக்கு இறுக்கம் மாறிடும். டார்க் மூணு தவணையா, நடுவுலேருந்து வெளிய. வால்வை அமுக்குற ராக்கரை பிடிக்கிறதும் இதே ஸ்டட்ல சிலதுதாங்கிறதால டாப்பெட்டும் (வால்வு இடைவெளி) திரும்ப வைக்கணும், இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர்.

சில லோடு ஓட்டிட்டு, நல்லா ஆறவிட்டு ஒவ்வொரு நட்டா செக் பண்ணோம். அதுக்கப்புறம் ரெண்டு குறுவை, ரெண்டு சம்பா சீசன் ஓடியாச்சு, ரேடியேட்டர் தண்ணி இறங்கல, பப்புள் இல்ல, காலையில ரேடியேட்டர் ஹோஸை அமுக்கி பாத்தா உள்ள கேஸ் அழுத்தம் இல்லாம மெத்துனு இருக்கு. ஆரியங்காவுல முன்ன விட ஒரு கியர் கம்மியா இறக்குனா போதும்.

ஒரு தொல்லை இருக்கு. இன்ஜின் கேபினுக்குள்ள உக்காந்திருக்கு, ஸ்டட் நீட்டிக்கிட்டு நிக்கிறதால இனிமே ஹெட்டை கழட்டுனா சாய்ச்சு எடுக்க முடியாது, செயின் பிளாக் போட்டு நேரா தூக்கணும், இல்லாட்டி ஸ்டட்டை ஒண்ணொண்ணா உருவணும். அப்புறம் பம்ப்பை ஆசைக்கு கூட்டாதீங்க, கரும்புகை தள்ளுனா புகை சர்டிபிகேட்டும் கிடைக்காது, பிஸ்டனும் உருகும், அதை எந்த ஸ்டட்டும் காப்பாத்தாது. கம்பெனி பவர்லயே ஓட்டுறவங்க இந்த செலவு பண்ண வேணாம், பழைய போல்ட் நீளத்தை கேஜ் வச்சு பாத்து சரியா இருந்தா அதையே போட்டுக்கலாம்.