குறை ஏதும் இல்லை என்று திரும்பி வந்த எஸ்எம்பிஎஸ்

அலமாரியில் சும்மா கிடக்கும் என் பழைய 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, கொடுத்துவிடேன் என்று போன வாரம் நண்பன் கேட்டான். "நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரே கேள்வி. "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசியும், கேட்டதற்குப் பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதியே விடுகிறேன்.

மொத்தம் நான்கு வருடம் ஓடியது. முதல் மூன்று வருடம் அப்படியொரு பொருள் கேபினெட்டுக்குள் இருப்பதே நினைவில் இல்லை. குறைந்த லோடில் அதன் ஃபேன் சுற்றவே சுற்றாது. வேண்டிய கேபிளை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். மேலே 80 பிளஸ் கோல்டு என்று ஒட்டியிருக்கும். எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்குத்தான் அந்தக் கோல்டு. மற்றபடி அது எதற்கும் நற்சான்று இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு பழைய 150 வாட் கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு 320 வாட் கார்டு போட்டேன். இரண்டு வாரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரே நாளில் புது கேம் ஒன்று, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு அப்டேட் ஒன்று. அன்று இரவுதான் கம்ப்யூட்டர் முதல் தடவை விழுந்தது. நீலத்திரை இல்லை, எரர் மெசேஜ் இல்லை. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் இருட்டு. சில தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும். சில தடவை பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வரும். எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகத் தானே பூட்டிக்கொள்ளும்போது இப்படித்தான் நடந்துகொள்ளும். விடை முதல் நாளே கையில் இருந்திருக்கிறது. நானோ டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு. இதைப் பார்த்ததும் சிலர் 'எஸ்எம்பிஎஸ் போச்சு' என்று தீர்ப்பெழுதி விடுவார்கள். உண்மையில் போன முறை விண்டோஸ் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு செய்தியும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் பதிவாகும். வழுக்கி விழுந்தவரிடம் ஏன் விழுந்தீர்கள் என்று கேட்டால் 'விழுந்துவிட்டேன்' என்று சொன்ன கதை.

செய்ததையெல்லாம் எழுதினால் எனக்கே அலுப்பாக இருக்கும். சேஃப் மோடில் போய் டிடியூ என்ற மென்பொருளை வைத்து டிரைவரைத் துடைத்து எடுத்தேன். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து, 3200 வேகத்தில் ஓடிய ரேமை 2133-க்கு இறக்கினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 விடிய விடிய நான்கு சுற்று ஓடியது, ஒரு பிழை இல்லை. தெர்மல் பேஸ்ட், பயாஸ் அப்டேட், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டது வரை போனேன். கார்டின் சூடு 74 டிகிரியைத் தாண்டியதில்லை. கொடுமை என்னவென்றால் ஒவ்வொரு வைத்தியமும் இரண்டு மூன்று நாள் பலித்தது. நான்காம் நாள் மறுபடியும் 'டக்'.

என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்தான். ஒரு மணி நேரம் கார்டை முழு லோடில் வறுத்தெடுத்தேன். கம்ப்யூட்டர் அசையவில்லை. சரி, மின்சாரத்தில் கோளாறு இல்லை என்று அந்தப் பக்கமே போகவில்லை. கேமிலோ ஒரு கல் கதவு இருந்தது. அதைத் தள்ளினால் லோடிங், லோடிங் முடிந்ததும் பெரிய வெட்டவெளி. நான்கு தடவையில் மூன்று தடவை, அந்த வெட்டவெளி கண்ணில் படும் நொடியில் சாவு. பத்தாவது சாவில்தான் புத்தியில் உறைத்தது. லோடிங்கில் கார்டு கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. கதவு திறந்ததும் ஒரே தாவலில் உச்சிக்குப் போகிறது. ஃபர்மார்க் சீராக இழுக்கும், கேம் வெட்டி வெட்டி இழுக்கும். 320 வாட் என்பது சராசரிக் கணக்கு. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத நேரத்துக்கு அதைவிட எவ்வளவோ மேலே எகிறிவிட்டு இறங்கும். மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட்டை அளந்து திருப்திப்பட்டேனே, அதன் கண்ணுக்கு இந்தத் தாவல் தெரியவே தெரியாது.

சோதித்துப் பார்க்க, கார்டு எகிற வழியில்லாமல் ஃபிரேம் ரேட்டை நொடிக்கு 60 படம் என்று கட்டிப்போட்டேன். கதவை இருபது தடவை திறந்து மூடினேன். விழவில்லை. கட்டை அவிழ்த்தேன், இரண்டாவது தடவையே போனது. கம்ப்யூட்டர் செத்ததற்கு நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான்.

கேபினெட்டைத் திறந்து பார்த்தால் என் சோம்பேறித்தனமும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட்டுகள். ஒவ்வொன்றும் 150 வாட் கணக்கு, மதர்போர்டு ஸ்லாட் வழியாக இன்னும் 75. இரண்டுக்கும் சேர்த்து, நுனியில் இரட்டைத் தலை வைத்த ஒரே கேபிளை மாட்டியிருந்தேன். இரண்டு தனிக் கேபிளாக மாற்றியதும் ஒரு நாளைக்கு மூன்று தடவை விழுந்தது, வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தது. முழுதாக நின்றது 850 வாட் எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகுதான். இது ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் விதிப்படி செய்தது. 2022-ல் வந்த அந்த விதியில் இந்தத் திடீர்த் தாவல்களைத் தாங்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். ஏழு மாதமாகிறது, ஒரு தடவைகூட விழவில்லை.

பழையதை வாரண்டியில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அதே பெட்டியில் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: சோதித்தோம், குறை ஏதும் இல்லை. படித்தபோது வந்த கோபத்தில் அதை வீசியெறியாமல் வைத்ததே பெரிது. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. சீராக 650 வாட் கேட்டிருப்பார்கள், அதுவும் கொடுத்திருக்கும். கார்டுக்கு 320, பிராசசருக்கு 125, மற்றதற்கு 50 என்று கூட்டி 495 போதும் என்று முடிவு செய்தவன் நான். கார்டு பெட்டியில் 750 வாட் வேண்டும் என்று போட்டிருந்ததை, விற்பதற்காகக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று சிரித்தவனும் நான்தான்.

இப்போது நண்பனுக்குப் பதில். உன் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லை. அதில் இது சத்தமில்லாமல் வருடக்கணக்கில் ஓடும். அந்த வேலைக்கு நான் பார்த்ததிலேயே நல்ல எஸ்எம்பிஎஸ் இதுதான். ஆனாலும் தர மாட்டேன். நீ என்றைக்காவது ஒரு கார்டு வாங்குவாய், நள்ளிரவில் எனக்குப் போன் அடித்து 41 என்று வருகிறதே என்பாய். இன்னொரு கல் கதவைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

கேபிள்களையாவது கொடு என்று அடுத்து கேட்பாய். அதுவும் கூடாது. கார்டுப் பக்கம் எல்லாக் கேபிளும் ஒரே மாதிரிதான் இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, ஏன் மாடலுக்கு மாடல்கூட மாறும். மாற்றி மாட்டினால் ஹார்டு டிஸ்க் புகைந்தே போகலாம்.